சமைக்காத மேடை

மேஸ்திரி வீட்டு அடுப்படியில் சமையல் நடப்பதில்லை என்பது வெளியாட்கள் யாருக்கும் தெரியாது. வருகிறவர்கள் கண்ணில் படுவதெல்லாம் அந்த வெள்ளைக்கல் மேடைதான். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒட்டில்லாத ஒரே கல். பாலில் புகை கலந்ததுபோல மெல்லிய சாம்பல் நரம்புகள். ஜன்னல் வெளிச்சம் விழும்போது ஈரமாக இருப்பதுபோலத் தெரியும். தொட்டால் காய்ந்து வழவழவென்று இருக்கும். அதன்மேல் மூடி திறக்காத ஒரு குக்கர், ஒரு குவளையில் கரண்டிகள், பளபளவென்று ஓர் அடுப்பு. அந்த அடுப்புக்குச் சிலிண்டர் இணைப்புகூடக் கிடையாது.

நிஜமான அடுப்பு வீட்டின் பின்சுவருக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த சந்தில் தரையில் இருந்தது. மேலே தகரம். மேஸ்திரியின் மனைவி அங்கே குந்தியபடிதான் வீட்டுக்கும் பட்டறை ஆட்கள் நாலு பேருக்கும் சேர்த்துப் பொங்கினாள். எழுந்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் முழங்காலில் கையை ஊன்றித்தான் எழுந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு அது அதிகம்.

அந்தக் கல்லை மேஸ்திரி அவளுக்காகத்தான் கொண்டுவந்தார். அதில் பொய்யில்லை. தெருக்கோடியில் அவருக்குக் கல் பட்டறை. கல்லை அறுப்பது, விளிம்பு உருட்டுவது, பாலிஷ் போடுவது, வீடுகளில் பதித்து, கறை இறங்காதபடி சீலர் அடித்துக் கொடுப்பது எல்லாம் அங்கே நடந்தது. "ஊரெல்லாம் மேடை போடுறேன், என் பொண்டாட்டி சிமெண்ட் திட்டுல சமைக்கிறா" என்று ஒரு நாள் தானாகவே சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல பலகையை ஏற்றிக்கொண்டு வந்தார். பதித்து முடித்த அன்று அவள் அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

ஒரு மாதம் சமைத்தாள். ஒருநாள் பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோனாள். எடுத்துப் பார்த்தால் மங்கலாக ஒரு வளையம். துடைத்தாலும் போகவில்லை, தேய்த்தாலும் போகவில்லை.

"சீலர்தான் அடிச்சீங்களே" என்றாள்.

"சீலர் கறையத்தான் தடுக்கும். எண்ணெய், மஞ்சள் இதெல்லாம் உள்ள இறங்காமப் பாத்துக்கும். புளிப்புக்கு அது ஒண்ணும் பண்ணாது. புளிப்பு கல்லையே தின்னுடும்."

"அப்ப வர்றவங்ககிட்ட, சீலர் அடிச்சா எதுவும் ஆகாதுன்னு சொல்றீங்க?"

"எல்லாத்தையும் சொல்லிட்டிருந்தா எவன் கல்லு வாங்குவான்?"

வளையத்தை அவரே உட்கார்ந்து தேய்த்து எடுத்தார். அதற்கப்புறம் சட்டம் வந்தது. முதலில் எலுமிச்சை கூடாது. பிறகு தக்காளியை அங்கே நறுக்கக் கூடாது. சூடான பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது. பாத்திரம் விளக்கும் பொடி பக்கத்திலேயே வரக் கூடாது. அவள் ஒரு சொட்டு சிந்தினாலும் அடுத்த அறையிலிருந்து அவர் எழுந்து வருவார். கடைசியில், "கொஞ்ச நாளைக்குப் பின்னாடி வச்சு சமைச்சுக்கயேன், ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது.

இதற்குள் அந்த மேடைக்கு வேறு வேலை வந்து சேர்ந்திருந்தது. வீடு கட்டுகிறவர்களை மேஸ்திரி பட்டறைக்குக் கூப்பிடாமல் வீட்டுக்கே கூட்டிவந்தார். கல்லின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுவார். அது முத்து முத்தாக நிற்கும். "பாருங்க, இறங்குதா? மூணு வேளையும் சமையல் இதுலதான். இவதான் சமைக்கிறா. ஒரு கறை காட்டுங்க பார்ப்போம்" என்பார். வந்தவர்கள் அவள் பக்கம் திரும்புவார்கள். இஸ்திரி போட்ட உடுப்பில் அவள் நிற்பாள். "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பின்னால் போய் உடுப்பை மாற்றிக்கொண்டு மறுபடியும் குந்துவாள்.

மழைக்காலத்தின் நடுவில் ஒரு மத்தியானம் தகரத்து ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகிச் சந்து முழுக்கச் சொதசொதவென்று ஆகிவிட்டது. அவள் பெரிய பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் விடுமுறை விட்டதால், அவள் மகள் குட்டி, புத்தகப் பையோடு நேரே பின்பக்கம் ஓடிவந்தாள். "அம்மா, பல்லு விழுந்துடுச்சு" என்று சொல்லத்தான் வந்தாள். கால் வழுக்கியது. கொதிக்கிற கஞ்சி வடிந்த சட்டிக்குள் இடது கால் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காலைச் சுத்தம் பண்ணிக்கொண்டே கேட்டாள்: "அடுப்பத் தரையிலயா வச்சிருக்கீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "இல்லீங்க, வீட்ல மேடை இருக்கு. நல்ல மேடை. இன்னிக்கு மட்டும் ஏதோ அவசரத்துல கீழ வச்சிட்டா."

நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை, பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன அவசரம் உனக்கு என்று கேட்டது. திரும்பி வரும்போது வண்டியில் மேஸ்திரி, "நீயும் கொஞ்சம் பாத்திருக்கலாம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. சாதாரணமாகச் சொன்னார். அவள் மடியில் குட்டி மருந்து மயக்கத்தில் கிடந்தாள். மகளுடைய கால் எங்கேயும் இடிக்காமல் பிடித்துக்கொள்வதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

மறுநாள் காலையில் மேஸ்திரியின் அக்கா பழங்களோடு பார்க்க வந்தார். குட்டியின் தலையைத் தடவினார், கண்கலங்கினார். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனவர் போன காரியத்தை மறந்து மேடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு அழகா வச்சிருக்கான் பாரு. நேத்துப் போட்ட மாதிரியே இருக்கு. எங்க வீட்டுது ஒரே வருஷத்துல மஞ்சளாப் போச்சு."

"சமைச்சா மஞ்சளாத்தான் போகும் அண்ணி."

"அதுக்கில்லம்மா, கைன்னு ஒண்ணு இருக்குல்ல. சின்ன வயசுலேயே அவன் அப்படித்தான். ஒரு பம்பரம் வாங்கினாக்கூட விளையாட மாட்டான், துடைச்சு வச்சுக்குவான்."

"பம்பரத்தத் துடைச்சு வச்சுக்கட்டும் அண்ணி. நான் எங்க போய் சோறாக்குறது?"

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "கோவப்படாத. அவன் குணம் உனக்குத் தெரியாததா? புள்ளைக்கு ஆனது ஆயிடுச்சு. பெருசா ஆகாமப் போச்சேன்னு நினைச்சுக்கோ. கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

"இனிமே அனுசரிக்கணும்னா நான் அந்தத் தகரத்து மேலதான் ஏறி உக்காரணும்."

அண்ணி போனதும் அவள் சந்துக்குப் போனாள். அடுப்பைத் தூக்கினாள். சிலிண்டரைக் கட்டிப்பிடித்து உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மேடையிலிருந்த பொம்மை அடுப்பை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, கரி பிடித்த தன் அடுப்பை அந்த வெள்ளைக் கல்லின்மேல் நடுவாக வைத்தாள். நின்றுகொண்டே அரிசி களைந்தாள், நின்றுகொண்டே தக்காளி நறுக்கினாள். முதுகு நிமிர்ந்திருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு அடுக்கை எடுக்க மேஸ்திரியே வந்தார். வாசலிலேயே வாசனை வந்திருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி நிலையில் வந்து நின்றார்.

"என்ன பண்ற நீ?"

"சமைக்கிறேன்."

"தக்காளி ஓடிக் கிடக்கு பாரு. துடை மொதல்ல. துடை."

அவள் துடைக்கவில்லை. அவரே தோள்துண்டால் ஒற்றி எடுத்தார். குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே கல்லைச் சாய்வாகப் பார்த்தார். விரலால் தடவினார். "பொரிஞ்சுபோச்சு" என்றார். செத்த வீட்டில் பேசுகிற குரல்.

"பொரிஞ்சது குட்டி காலு" என்றாள் அவள்.

"அதையும் இதையும் முடிச்சுப் போடாத. நாளன்னிக்குத் துணிக்கடை அம்மா வர்றாங்க. தெரியுமில்ல? மாடியும் கீழயுமா அவ்வளவு பெரிய வீடு. அந்த வேலை கிடைச்சா பட்டறைக்கு மழை முடியிற வரைக்கும் கவலை இல்ல. இல்லைன்னா நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். நெட்டையனுக்கு மூணு புள்ளைங்க. அவன்கிட்ட நீ போய்ச் சொல்றியா?"

"என் புள்ளைக்கு நான் என்ன சொல்றது?"

"ரெண்டே நாள். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் நீ இதுல மாவே அரை, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

சாப்பிடாமலே பட்டறைக்குப் போய் டப்பாக்களோடு திரும்பினார். அடுப்பைச் சந்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். அவள் குட்டியின் படுக்கையருகில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து அடுப்படி நேராகத் தெரியும்.

வேலை என்று வந்துவிட்டால் அந்த மனிதர் வேறு ஆள். அரித்துப்போன இடத்தை ஈரத்தோடு சன்னமான தேய்ப்புத்தாளால் தேய்த்தார். பொறுமையாக, தாளை மாற்றி மாற்றி, பளபளப்பு மற்ற இடத்தோடு சேர்கிறவரை. எண்ணெய் பட்ட மூலையில் மாவுபோல ஒன்றைக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கறையை இழுக்கவிட்டார். மறுநாள் அதைச் சுரண்டியெடுத்து, காரமில்லாத சோப்புத் தண்ணீரால் துடைத்து, மின்விசிறி போட்டுக் காயவைத்தார். பிறகு வெள்ளைப் பருத்தித்துணியைச் சீலரில் தோய்த்து, முனையிலிருந்து வட்டம் வட்டமாகத் தடவிக்கொண்டே போனார். கல் குடிக்கும்வரை காத்திருந்தார். குடித்தது போக மேலே நின்றதை, காய்ந்து படலமாவதற்குள் வேறொரு துணியால் ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை, ஒற்றினார். தன் காற்றுகூடக் கல்லில் பட்டுவிடுமோ என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றினார்.

இதே வீட்டில் அப்போதுதான் அவள் தனியாகக் குட்டியின் கட்டைப் பிரித்து, ஒட்டியிருந்த துணியைத் தண்ணீர் விட்டு விட்டுக் கழற்றி, மருந்து போட்டிருந்தாள். குட்டி தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறிடும் ஆறிடும்" என்று போனவர்தான்.

எழுந்து போய் அடுப்படி நிலையில் நின்றாள்.

"இந்தக் கையால ஒரு தடவையாவது அவ காலத் தொட்டீங்களா?"

அவர் நிமிரவில்லை. "இப்ப விட்டா காஞ்சிடும். திட்டுத் திட்டாத் தெரியும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"எனக்குப் பாக்க முடியல. போதுமா? பாத்தா கை நடுங்குது."

"எனக்கு நடுங்கலையா? நான் என்ன கல்லா?"

அவர் துணியோடு அடுத்த வட்டத்துக்குப் போனார்.

சாயங்காலம் அவர் குட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது உண்மை. பாதத்தை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். குட்டி முகத்தைச் சுளித்தாள். "அப்பா கை நாறுது." சீலர் வாடை, மண்ணெண்ணெயும் பெயிண்டும் சேர்ந்தாற்போல. போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். வாடை போகவில்லை. பிறகு அவர் உட்காரவில்லை.

துணிக்கடை அம்மா சொன்னபடி வந்தார். மெத்தென்று பேசுகிற மனுஷி. செருப்பை வாசலிலேயே கழற்றினார். "பாப்பாக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். மேஸ்திரி தண்ணீர்ச் சொட்டு விட்டார். முத்து முத்தாக நின்றது. மூணு வேளைச் சமையல் கதையைச் சொன்னார். "ஒரு கறை காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

"நிஜமாவே தினமும் இதுலதான் சமைக்கிறீங்களா?" என்று அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினார். "நம்பவே முடியல."

"இல்லைங்க" என்றாள் அவள். "நான் பின்னாடி சந்துல, தரையில வச்சுத்தான் சமைக்கிறேன். ரெண்டு வருஷமாச்சு. இது உங்கள மாதிரி வர்றவங்க பாக்கிறதுக்கு. சீலர் அடிச்சாலும் எலுமிச்சை பட்டா அரிச்சிடும். தக்காளி பட்டாலும் அரிச்சிடும். தரையில வச்ச கஞ்சியிலதான் என் பொண்ணு கால விட்டா."

மேஸ்திரியின் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார்.

துணிக்கடை அம்மா மேடையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"அட, இதைச் சொல்றதுக்கு என்ன? எல்லா வீட்லயும் அப்படித்தானே. நாங்களும் பின்னாடி ஒரு சின்ன ரூம் எடுத்துத்தான் கட்டியிருக்கோம். எங்க வீட்ல சமைக்கிற அம்மா அங்க வச்சுக்கும். முன்னாடி இருக்கிறது அழகுக்குத்தான். வர்றவங்க காப்பி போட்டுக் குடிக்கலாம்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஓர் அடி முன்னால் வந்து கேட்டாள்: "அந்த ரூம்ல மேடை இருக்கா?"

"அதுக்கு எதுக்கும்மா மேடை? அது கீழ உக்காந்து சமைச்சே பழகினது. அதுவும் கேக்கல."

"நானும்தான் கேக்கல. வாங்க, என் பொண்ணு காலப் பாத்துட்டுப் போங்க."

அந்த அம்மா வரவில்லை. "ஐயோ, எனக்கு இதெல்லாம் பாக்க முடியாதும்மா. பாவம், பத்திரமாப் பாத்துக்கோங்க" என்றார். மேஸ்திரியிடம் திரும்பி, "எனக்கு இதே கல்லுதான் வேணும். இதே மாதிரி ஒட்டில்லாம" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மேஸ்திரி வண்டிவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அடிப்பார், இல்லையென்றால் கத்துவார் என்று அவள் நினைத்தாள். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றாள். ஆனால் அவர் முகம் வெயில் பட்டதுபோல மலர்ந்திருந்தது.

"வேலை கிடைச்சிடுச்சு" என்றார். "நீ வாயத் திறந்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு. கடைசியில பாத்தியா, உண்மையச் சொன்னதுல என்ன குறைஞ்சுபோச்சு? நான்தான் வீணா பயந்திருக்கேன். இனிமே நாமளே சொல்லிடலாம். முன்னாடி இப்படி ஒரு மேடை, பின்னாடி சமையலுக்கு ஒரு ரூம்னு. சேத்தே வேலை எடுக்கலாம்."

அவர் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். இதற்கு அழுகை வரவில்லை. காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் மேஸ்திரி அளவெடுக்கத் துணிக்கடை அம்மாவின் வீட்டுக்குப் போனதும், அவள் குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பட்டறைக்கு நடந்தாள். அறுத்து மீந்த துண்டுகள் சாய்த்து வைத்திருந்த சுவரோரம் போய் நின்று பார்த்தாள். கறுப்பு கிரானைட் இரண்டு துண்டு, சேர்த்து வைத்தால் நீளம் சரியாக இருக்கும்போலத் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பினாள். சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் நாலு பேரும் அடுக்கு வராததால் வீட்டுக்கே தேடிக்கொண்டு வந்தார்கள்.

"அக்கா, சாப்பாடு?" என்றான் நெட்டையன். அவன்தான் பட்டறையில் மூத்த ஆள்.

"இன்னிக்கு அடுப்பு மூட்டல."

"உடம்பு சரியில்லையாக்கா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இந்த வெள்ளைக் கல்லப் பேத்து எடுத்துட்டு, பட்டறைச் சுவரோரம் இருக்கிற அந்தக் கறுப்புத் துண்டு ரெண்டையும் இங்க போடுங்க. போட்டதும் சமைக்கிறேன். போடலைன்னா இன்னிக்கு மட்டுமில்ல, நாளைக்கும் கிடையாது. தரையில குந்தி இனிமே ஒரு பருக்கை பொங்க மாட்டேன்."

நெட்டையன் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

"மேஸ்திரி எங்களக் கொன்னுடுவாருக்கா."

"நீங்க தின்ன சோறு எங்க வெந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். குட்டி கால் எங்க வெந்துச்சுன்னும் தெரியும். அவருக்குப் பயந்தா வாசல் அந்தப் பக்கம் இருக்கு."

நெட்டையன் தலையைச் சொறிந்தான். பிறகு, "டேய், கருவிப் பைய எடுத்துட்டு வா" என்றான்.

சுவரோடு ஒட்டியிருந்த இணைப்பை வெட்டிவிட்டு, அடியில் மர ஆப்பை வைத்துத் தட்டத் தொடங்கியபோது மேஸ்திரி வந்து நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும்.

"எவன்டா கை வச்சது?"

ஆட்கள் சுவரோடு சுவராக ஒதுங்கினார்கள். அவள் நடுவில் வந்து நின்றாள்.

"நான்தான் வைக்கச் சொன்னேன். இந்தக் கல்லு இங்க இருந்தா நான் இங்க இருக்க மாட்டேன். குட்டியும் இருக்க மாட்டா. பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சு."

"ஒரு கல்லுக்காகவா?"

"அதைத்தான் நானும் ரெண்டு வருஷமா மனசுக்குள்ள கேட்டுட்டிருக்கேன்."

மேஸ்திரி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பதற்றத்தில் ஒருவன் கையை எடுக்க, ஆப்பு நழுவிக் கல் ஓர் ஓரமாக முனகியது.

"டேய், பாத்திரம் கழுவுற தொட்டிக்கு வெட்டின இடத்துல முட்டுக் குடுடா" என்று அவர் பாய்ந்தார். "அங்கதான் ரெண்டா முறியும். தள்ளு. எல்லாரும் தள்ளுங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரே குனிந்தார். எங்கே ஆப்பு, எவ்வளவு தட்டு, யார் எந்தப் பக்கம் என்று அதட்டிக்கொண்டே, இம்மி இம்மியாக அந்தக் கல்லைத் தளர்த்தினார். வேர்வை மூக்கில் சொட்டியது. அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. முழுக் கல்லும் ஒரு கீறல் இல்லாமல் எழுந்து, ஐந்து பேர் கையில் பல்லக்குப்போல வாசலைத் தாண்டியது.

"இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"பட்டறையில வைங்க. வர்றவங்களுக்கு அங்கயே காட்டுங்க."

"சமையல் நடக்குதுன்னு யார் சொல்றது?"

"நான் சொல்ல மாட்டேன்."

பட்டறையிலிருந்து வந்த கறுப்புத் துண்டுகளையும் அவரேதான் பதித்தார். நெட்டையன் பதித்தது மட்டம் சரியில்லை என்று எடுத்துவிட்டு மறுபடி பதித்தார். நடுவில் ஒட்டு தெரிந்தது. முடித்ததும் பழக்கதோஷத்தில் கல்லின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். "இதுவும் கொஞ்சம் குடிக்குது. சீலர் ஒரு கோட்டு அடிச்சு ஒருநாள் விட்டா நல்லது" என்றார்.

"வேண்டாம்" என்றாள் அவள். அடுப்பைத் தூக்கி வைத்தாள். தீக்குச்சியைக் கிழித்தாள்.

சாயங்காலம் ஆகிவிட்டது சாப்பிட. ஆட்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து தின்றார்கள். குட்டி நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து, விழுந்த பல்லின் பள்ளத்தை நாக்கால் துழாவிக்கொண்டே சாப்பிட்டாள். நாலு பேருக்கும் போட்டுவிட்டு அவள் தனக்கும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேஸ்திரி கைகால் கழுவிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். காலித் தட்டைப் பார்த்தார்.

"எனக்கு?"

"மேடையில இருக்கு" என்றாள் அவள், பிசைந்த சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "போய்ப் போட்டுக்கோங்க."